பருத்தித் துணிக்கு இயற்கைச் சாயம்: எடுப்பதும் பிடிக்க வைப்பதும்

சட்டியில் ரத்தச் சிவப்பாகக் கொதிக்கும் தண்ணீரைப் பார்த்து ஏமாறாதவர்கள் குறைவு. அதில் முக்கி எடுத்த துணி இரண்டு அலசலில் வெளிறிப் போகும். பழி சாயப் பொருளின் மேல் விழும், அடுத்த முறை இரண்டு மடங்கு போடுவார்கள், அதுவும் தண்ணீரோடு போகும். பெரும்பாலும் தவறு சாயச் சட்டியில் நடப்பதில்லை. அதற்கு முந்தைய மூன்று நாள் வேலையில்தான் நடக்கிறது.

பட்டும் கம்பளியும் புரதம். சாயத்தையும் படிகாரத்தையும் எளிதாக இழுத்துக்கொள்ளும். பருத்தி செல்லுலோஸ். அதற்கு இரண்டின் மேலும் பெரிய நாட்டம் கிடையாது. முதலில் துவர்ப்பை ஏற்றி, அந்தத் துவர்ப்பில் படிகாரத்தைப் பிடிக்க வைத்து, படிகாரத்தில் சாயத்தைப் பிடிக்க வைக்க வேண்டும். சோழமண்டலக் கரையில் சாயவேரால் சிவப்பு ஏற்றியவர்கள் இந்த வரிசையைத்தான் பிடித்தார்கள். துணியைக் கடுக்காயிலும் எருமைப்பாலிலும் ஊறப்போட்டு அவர்கள் வேலையைத் தொடங்குவதை, இங்கே இருந்த பிரெஞ்சு ஏசு சபைப் பாதிரியார் கேர்தூ 1742இல் கடிதமாகவே எழுதி அனுப்பினார். துணிமேல் படிகாரத்தால் எழுதும்போது கோடு பரவாமல் நிற்கப் பால் கொழுப்பு உதவியது. முழுத்துணியையும் ஒரே நிறத்தில் முக்குகிறவர்களுக்குப் பால் தேவையில்லை, கடுக்காய் போதும்.

கீழே உள்ள அளவுகள் எல்லாம் 500 கிராம் காய்ந்த துணிக்கு. கணக்கு எப்போதும் காய்ந்த துணியின் எடைமேல் வைக்கப்படுகிறது. "15 சதவீதம் படிகாரம்" என்றால் 500 கிராம் துணிக்கு 75 கிராம். தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் இந்த அளவு மாறாது. ஒரு கிராம் வரை காட்டும் சமையல் தராசும் ஒரு வெப்பமானியும் வாங்கிவிடுங்கள். கைப்பிடி, கரண்டி அளவில் செய்தால் நல்ல நிறம் ஒருமுறை வரும், அதே நிறம் மறுபடி வராது.

பாத்திரமும் தண்ணீரும்

20 லிட்டர் பிடிக்கும் எவர்சில்வர் அண்டா ஒன்று போதும். இரும்புச் சட்டியில் எந்த மஞ்சளும் சேற்று நிறமாகிவிடும். பித்தளை, செம்பு, அலுமினியம் எல்லாமே கொஞ்சம் கரைந்து நிறத்தைத் திருப்பும். சாயத்துக்கு எடுத்த பாத்திரம் சமையலுக்குத் திரும்பக் கூடாது.

தண்ணீரில் இரும்பு இருக்கிறதா என்று பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரு கண்ணாடி டம்ளரில் அந்தத் தண்ணீரை எடுத்து, அரைக் கரண்டி கடுக்காய்ப் பொடியைக் கலக்கி அரை மணி நேரம் விடுங்கள். வெளிர் மஞ்சளாகவே இருந்தால் நல்ல தண்ணீர். சாம்பல் அல்லது நீலக்கறுப்பு ஓடினால் அந்த போர் தண்ணீரில் மஞ்சளோ சிவப்போ தெளிவாக வராது. மழைத்தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ பிடித்துக்கொள்ளுங்கள். இரும்பு இல்லாமல் உப்பு மட்டும் கூடிய தண்ணீர் என்றால் அவ்வளவு பயம் வேண்டாம். சுண்ணாம்புச் சத்துள்ள தண்ணீர், சிவப்புச் சாயம் தரும் வேரான மஞ்சிட்டிக்கு நல்லதே செய்யும்.

துணியைத் தயார் செய்தல்

காடா துணியில் கஞ்சி, பருத்தியின் இயற்கை மெழுகு, தறி எண்ணெய் மூன்றும் இருக்கும். கடையில் வெள்ளையாக வாங்கும் துணியிலும் மென்மைக்காகப் பூசிய பூச்சு இருக்கலாம். மூன்றும் போகாமல் சாயம் உள்ளே இறங்காது. மேலாக ஒட்டிக்கொண்டு, அழகாகத் தெரிந்து, துவைத்ததும் போய்விடும்.

முதல் இரவு துணியை வெறும் தண்ணீரில் ஊறப்போட்டுக் காலையில் கசக்கி அலசுங்கள். கஞ்சி போனதா என்று தெரிய, மருந்துக்கடையில் புண்ணுக்குத் தரும் அயோடின் கரைசலை ஓரத்தில் ஒரு சொட்டு விடுங்கள். நீலக்கறுப்பானால் இன்னும் கஞ்சி இருக்கிறது, இன்னோர் இரவு ஊற வேண்டும்.

பிறகு 12 லிட்டர் தண்ணீரில் 10 கிராம் சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்), ஒரு கரண்டி காரமில்லாத திரவ சோப்பு. சோப்புக்குப் பதில் பூந்திக்கொட்டைத் தண்ணீரும் ஆகும். துணியை நனைத்து உள்ளே விட்டு, மெல்லக் கொதிக்கும் நிலையில் ஒன்றரை மணி நேரம். அடிக்கடி புரட்டுங்கள். தண்ணீர் டீ நிறத்துக்கு வந்துவிடும். அழுக்கே இல்லாத துணி என்று நினைத்தவர்களுக்கு அந்த நிறம்தான் பதில். கறை கனமாக இருந்தால் புதுத் தண்ணீரில் மறுபடி ஒருமுறை. சுடுதண்ணீரில் அலசிய பின்புதான் குளிர்ந்த தண்ணீர். நேரே குளிர்ந்த தண்ணீரில் போட்டால் கரைந்து வந்த மெழுகு திரும்பத் துணியிலேயே படியும்.

காய்ந்ததும் சோதனை: ஒரு சொட்டுத் தண்ணீரைத் துணிமேல் விடுங்கள். விட்ட உடனே உறிஞ்சிப் பரவ வேண்டும். முத்துபோல் ஒரு நொடி நின்றாலும் வேலை முடியவில்லை. துணியின் நான்கு மூலை, நடு என ஐந்து இடத்தில் பாருங்கள். பின்னால் வரும் திட்டுகளில் பெரும்பாலானவை இங்கே மிச்சம் விட்டவை.

கடுக்காய் ஏற்றுதல்

கடுக்காய்ப் பொடி 75 கிராம். கொட்டையை எடுத்துவிட்டு மேல் சதையை மட்டும் இடித்த பொடியாக இருக்கட்டும். துவர்ப்பு சதையில்தான் இருக்கிறது. கொட்டையோடு அரைத்த பொடியில் எடை நிறைய, சத்துக் குறைவு. ஒரு லிட்டர் கொதிநீரில் பொடியைக் கட்டியில்லாமல் கரைத்து அரை மணி ஊறவிட்டு, மல் துணியில் வடித்து, 50–60 டிகிரி சூட்டில் 10 லிட்டராக்குங்கள். ஈரத்துணியை விரித்து உள்ளே விட்டு இரண்டு மணி நேரம், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். இரவு முழுக்க ஊறினால் இன்னும் நல்லது.

எடுத்துப் பிழியுங்கள், அலச வேண்டாம். நிழலில் சமமாக விரித்துக் காயப்போடுங்கள். கொடியில் மடித்துப் போட்டால் தண்ணீர் அடியில் இறங்கி, கீழ் ஓரத்தில் துவர்ப்பு கூடிவிடும். அந்த ஓரம் கடைசி வரை கருத்தே நிற்கும். இந்தக் கட்டத்தில் துணி மேல் ஓர் இரும்பு ஆணியின் ஈரம் பட்டாலே கரும்புள்ளி விழும். துருப்பிடித்த கொடிக்கம்பியை இன்றே மாற்றுங்கள்.

கடுக்காய் துணிக்கு இளமஞ்சள் அடி நிறத்தைக் கொடுக்கும். மஞ்சள், பச்சை, பழுப்புக்கு அது லாபம். தெளிந்த இளஞ்சிவப்பு வேண்டுமென்றால் மாசிக்காய் 40 கிராம் போடுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் அடி நிறம் ஏறக்குறைய வெள்ளையாக இருக்கும்.

படிகாரம் ஏற்றுதல்

படிகாரத்தைத் தண்ணீரில் கரைத்தால் கரைசல் புளிப்பாக இருக்கும். பருத்தி அந்த நிலையில் அலுமினியத்தை அரைகுறையாகத்தான் வாங்கும். கொஞ்சம் சோடா ஆஷ் சேர்த்துப் புளிப்பைக் குறைத்தால், அலுமினியம் துணியில் படிய இன்னும் தயாராகிறது. கூடிப்போனால் துணிக்கு வராமல் தண்ணீரிலேயே வெள்ளையாகத் திரிந்துவிடும். அளவு இங்கே கறாராக வேண்டும்.

75 கிராம் படிகாரத்தைப் பொடித்து இரண்டு லிட்டர் சுடுதண்ணீரில் முழுதாகக் கரையுங்கள். 10 கிராம் சோடா ஆஷை அரை லிட்டர் தண்ணீரில் தனியாகக் கரையுங்கள். சோடாக் கரைசலைப் படிகாரக் கரைசலில் கரண்டி கரண்டியாக ஊற்றிக் கலக்குங்கள். பொங்கும், அதனால் பெரிய பாத்திரம் எடுங்கள். ஒவ்வொரு கரண்டிக்கும் பால்போல ஒரு வெண்மை எழுந்து, கலக்கக் கலக்கக் கரைந்து மறையும். மறையாமல் நிற்கத் தொடங்கினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், சோடா மிச்சமிருந்தாலும் பரவாயில்லை. பிறகு 40–50 டிகிரித் தண்ணீர் சேர்த்து 10 லிட்டராக்கி, கடுக்காய் ஏறிய துணியை நனைத்து உள்ளே விடுங்கள். முதல் அரை மணி நேரம் கையை எடுக்காமல் புரட்டுங்கள். அதன் பிறகு மூழ்கியபடி இரவு முழுக்க.

காலையில் எடுத்துப் பிழிந்து, ஒரே ஒரு தண்ணீரில் நன்றாக அலசுங்கள். "படிகாரம் போய்விடுமே" என்று அலசாமல் விடுகிறவர்கள் உண்டு. துணியில் பிடித்தது போகாது. பிடிக்காமல் சும்மா ஒட்டியிருப்பதுதான் போகும், அது போகவும் வேண்டும். போகாவிட்டால் சாயச் சட்டியில் கரைந்து, அங்கேயே சாயத்தைப் பிடித்து வண்டலாக அடியில் உட்காரும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சாயம் அது.

மிஞ்சிய படிகாரத் தண்ணீரைக் கொட்ட வேண்டாம். அடுத்த துணிக்கு அதிலேயே பாதி அளவு படிகாரமும் பாதி அளவு சோடாவும் சேர்த்தால் ஓடும். கலங்கி வண்டல் கட்டும் வரை இரண்டு மூன்று முறை பயன்படுத்தலாம்.

சாயத்தைப் பிரித்தெடுத்தல்

பொருளிலிருந்து நிறம் வெளியே வர நான்கு விஷயம் வேண்டும்: சிறு துண்டு, ஊறும் நேரம், சரியான சூடு, போதுமான தண்ணீர். கட்டை, பட்டை, வேர் எல்லாம் முதல் நாளே கொத்தி அல்லது இடித்து ஊற வேண்டும். காய்ந்த பொருளுக்குள் தண்ணீர் இறங்காமல் அடுப்பைப் பற்ற வைப்பது விறகுக்குத்தான் செலவு. ஆனால் மாவுபோல அரைப்பதும் தப்பு. வடிகட்டித் துணி அடைத்துக்கொள்ளும், தப்பி வரும் பொடி துணியில் புள்ளி புள்ளியாக உட்காரும். கட்டையும் வேரும் குருணைப் பதம், பூவும் தோலும் கையால் நொறுக்கிய பதம்.

ஒரே முறை நிறையத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைப்பதை விட, குறைந்த தண்ணீரில் இரண்டு முறை எடுப்பது லாபம். கணக்குப் போட்டால் தெரியும். 100 கிராம் பட்டை வடித்த பிறகும் 300 மில்லி சாயத் தண்ணீரைத் தன்னுள் வைத்துக்கொள்கிறது என்று வையுங்கள். இரண்டு லிட்டரில் ஒரே முறை எடுத்தால், கரைந்த நிறத்தில் 15 சதவீதம் சக்கையோடு குப்பைக்குப் போகும். அதே இரண்டு லிட்டரை ஒவ்வொரு லிட்டராகப் பிரித்தால், முதல் முறை சக்கையில் 30 சதவீதம் நிற்கும். இரண்டாவது லிட்டர் அதை அலசி எடுத்த பின் மிச்சம் 7 சதவீதம். தண்ணீர் அதே, பொருள் அதே. மூன்றாவது முறையும் எடுக்கலாம், ஆனால் எரிபொருளுக்குக் கட்டுப்படியாகாது. அதற்குப் பதில் சக்கையைத் துணியில் கட்டிப் பிழிந்துவிடுங்கள்.

நேரமும் அப்படித்தான். 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வர வேண்டியது பெரும்பாலும் வந்துவிடும். அதற்கு மேல் கொதிப்பதில் பூவின் மஞ்சள் மங்கிப் பழுப்பு கூடும். தளதளவென்று கொதிக்கவே வேண்டாம், ஓரத்தில் சிறு குமிழ் எழும் 85–90 டிகிரி போதும். வடித்த சாயத் தண்ணீரை அரை மணி தெளியவிட்டு, அடி வண்டலை விட்டுவிட்டு மேலாக எடுங்கள். அன்றே பயன்படுத்துங்கள். இரண்டு நாள் வைத்தால் புளித்து நாறும், சிலது நிறமும் திரும்பும்.

மஞ்சள்: துலுக்கச் சாமந்தி, மாதுளை, வெங்காயம்

ஆயுதபூஜை முடிந்த மறுநாள் மூட்டை மூட்டையாகக் குப்பைக்குப் போகும் துலுக்கச் சாமந்தி நல்ல சாயம். பூவின் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சில் பாதி, தண்ணீரில் கரையாத லூட்டின். அது துணிக்கு வராது. வருவது இதழில் உள்ள வேறு மஞ்சள், ஃபிளேவனாய்டு வகை. அதனால் ஆரஞ்சுப் பூவிலிருந்தும் மஞ்சள் பூவிலிருந்தும் ஏறக்குறைய ஒரே நிறம்தான் கிடைக்கும், ஏமாற வேண்டாம்.

இதழை மட்டும் பிய்த்து நிழலில் காய வைத்தால் தெளிந்த மஞ்சள். அடிப்பச்சையோடு போட்டால் பாசி கலந்த மஞ்சள், அதுவும் சிலருக்குப் பிடிக்கும். பத்துக் கிலோ பச்சைப் பூ காய்ந்தால் ஒரு கிலோவுக்குச் சற்று மேல்தான் தேறும். மூட்டையாக வைத்துவிடாதீர்கள், ஒரே இரவில் சூடேறிக் கறுத்துவிடும். 500 கிராம் துணிக்கு 300 கிராம் காய்ந்த இதழ், அல்லது இரண்டரைக் கிலோவிலிருந்து மூன்று கிலோ புதுப் பூ. முதலில் ஆறு லிட்டர், அடுத்து நான்கு லிட்டர். ஒவ்வொன்றும் 45 நிமிடம்.

மாதுளம் ஓட்டில் நிறமும் துவர்ப்பும் சேர்ந்தே இருப்பதால் கடுக்காய் வேலையைத் தாண்டிவிடலாம். காய்ந்த ஓடு 200 கிராம் இடித்து இரவு ஊறவிட்டு ஒரு மணி நேரம் வேக வையுங்கள். படிகாரத்தோடு கடுகு மஞ்சள், இரும்போடு பாசி கலந்த சாம்பல். வெயிலுக்கு நன்றாக நிற்கும் மஞ்சள்களில் இது ஒன்று. முதன்முறை செய்கிறவர்கள் இதிலிருந்து தொடங்கினால் மனம் தளராது. வெங்காயத்தின் வெளித்தோல் 250 கிராம் போட்டால் செம்பொன் நிறம் வரும், பார்க்க மாதுளையை விட அழகு, வெயிலுக்கு அதைவிடக் குறைவு.

சிவப்பு: மஞ்சிட்டி

மஞ்சிட்டியை மற்றவை போல வடித்து எடுத்தால் வீண். அதன் செந்நிறப் பொருள்கள் தண்ணீரில் மிகக் கொஞ்சமாகத்தான் கரையும். தண்ணீர் நிறைந்ததும் வேரிலிருந்து வெளியே வருவது நின்றுவிடும். துணியும் அதே சட்டியில் இருந்தால் கதை வேறு: கரைந்ததைத் துணி பிடித்துக்கொள்ள, தண்ணீரில் இடம் காலியாக, வேரிலிருந்து மேலும் கரைந்து வரும். எடுப்பதும் ஏற்றுவதும் ஒரே சட்டியில், ஒரே நேரத்தில் நடக்க வேண்டிய சாயம் இது. சாயவேரும் இதே வகைதான். அதில் உள்ள அலிசரினை 1868இல் ஜெர்மனியில் செயற்கையாகச் செய்துவிட்டார்கள். அதன் பிறகு வேர் தோண்டும் தொழில் நிலைக்கவில்லை.

500 கிராம் துணிக்கு 350 கிராம் மஞ்சிட்டிப் பொடி. பழுப்பை முதலில் கழற்ற வேண்டும்: பொடியைக் குளிர்ந்த தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, அந்த மஞ்சள் பழுப்புத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். இதை இரண்டு முறை செய்யலாம். சிவப்பு கரையாது, பயம் வேண்டாம். பிறகு பொடியைப் பெரிய மல் துணிப் பையில் போட்டு, பாதிப் பை காலியாக இருக்கும்படி தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் உள்ளே பொடி உப்பி, நடுப்பகுதி நனையாமலே கிடக்கும்.

12 லிட்டர் தண்ணீரில் பையும் துணியும் சேர்ந்து இறங்கட்டும். மழைத்தண்ணீராகவோ ஆர்.ஓ. தண்ணீராகவோ இருந்தால் 10 கிராம் சாக்குப்பொடி சேருங்கள். எழுதும் சாக்கு ஆகாது, அது பெரும்பாலும் ஜிப்சம். கால்சியம் கார்பனேட் என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியமும் கால்சியமும் சேர்ந்தால்தான் அந்தச் சிவப்பு கெட்டிப்படும். அடுப்பு மிகச் சிறு தீயில், அறைச் சூட்டிலிருந்து 65 டிகிரிக்கு வர ஒன்றரை மணி நேரம் ஆக வேண்டும். 65–70இல் ஒரு மணி நேரம். அதைத் தாண்டிக் கொதித்தால் சிவப்பு செங்கல் பழுப்பாகிவிடும். பையை அவ்வப்போது கரண்டியால் அழுத்துங்கள், துணியைப் புரட்டிக்கொண்டே இருங்கள், பை ஒரே இடத்தில் துணிமேல் உட்கார்ந்தால் அங்கே வட்டமாகக் கறை விழும். அடுப்பை அணைத்து அப்படியே இரவு விடுங்கள்.

மறுநாள் எடுக்கும்போது கொஞ்சம் அழுக்குச் சிவப்பாகத்தான் தெரியும். அலசிக் காயவைத்து, ஓரிரு நாள் கழித்து காரமில்லாத சோப்புத் தண்ணீரில் 60 டிகிரியில் பத்து நிமிடம் போட்டு எடுங்கள். மேலே ஒட்டிய பழுப்பு கழன்று உள்ளே இருக்கும் சிவப்பு அப்போதுதான் முகம் காட்டும். அந்தச் சட்டியிலேயே, அதே பையோடு, இன்னொரு துணிக்கு இளஞ்சிவப்பு கிடைக்கும்.

காசுக்கட்டியும் பதிமுகமும்

காசுக்கட்டி பழுப்பு. 100 கிராமைத் தட்டி, சுடுதண்ணீரில் முழுதும் கரையவிட்டு வடித்தால் வேலை முடிந்தது, சக்கை எதுவும் இல்லை. துணியை 80 டிகிரியில் ஒரு மணி நேரம் விட்டு, பிழிந்து காற்றில் ஆறவிட்டுத் திரும்ப முக்குங்கள். காற்றுப்பட்டு நிறம் ஆழமாகும்.

பதிமுகம் கேரளத்தில் குடிக்கும் தண்ணீருக்குப் போடுவதுதான். 250 கிராம் சீவலில் கண்கவர் செந்நிறம் வரும். ஆனால் எலுமிச்சைச் சாறு பட்டால் மஞ்சளாகும், சோடா பட்டால் ஊதா கலந்த சிவப்பாகும், வெயிலில் சீக்கிரம் மங்கும். விற்பனைக்கான துணிக்கு வேண்டாம் என்பதுதான் எங்கள் கருத்து. மஞ்சள் கிழங்கு, படிகாரம் போன்ற பிடிப்புப் பொருள் எதுவும் இல்லாமலே துணியைப் பிடிக்கும், வெயில் பட்டால் ஓடிவிடும். பீட்ரூட், செம்பருத்தி இரண்டும் சாயம் என்ற பேச்சுக்கே வராது. சட்டியில் மட்டும் அழகு.

அவுரி இந்த வரிசையில் சேராது. அதற்குக் கடுக்காயும் வேண்டாம், படிகாரமும் வேண்டாம். தண்ணீரில் கரையாத நீலத்தைத் தொட்டியில் கரைய வைத்து, துணியில் ஏற்றிக் காற்றில் திரும்ப நீலமாக்கும் வேறு வித்தை அது. ஒன்று மட்டும்: பச்சை வேண்டுமானால் அவுரியில் நீலம் முதலில், மாதுளை மஞ்சள் பிறகு. அவுரித் தொட்டியின் சுண்ணாம்புக் காரம் மஞ்சளைக் கெடுத்துவிடும் என்பதால் வரிசையை மாற்றாதீர்கள்.

துணியைச் சாயத்தில் விடுதல்

மஞ்சிட்டி நீங்கலாக மற்ற எல்லாவற்றுக்கும் ஒரே முறை. வடித்த சாயத் தண்ணீரை 40 டிகிரிக்குக் கொண்டுவந்து, 10–12 லிட்டராக்கி, நனைத்துப் பிழிந்த துணியை ஓர் ஓரத்திலிருந்து விரித்தபடி உள்ளே விடுங்கள். காய்ந்த துணியை நேரே போட்டால் முதலில் தொட்ட இடம் அதிகம் குடித்துவிடும். முக்கால் மணி நேரத்தில் 80 டிகிரிக்கு ஏற்றி, அங்கே ஒரு மணி நேரம். பிறகு சட்டியிலேயே ஆறவிடுங்கள்.

புரட்டுவதில் சோம்பல் கூடாது. தண்ணீருக்கு மேல் எழும் துணிக் கொப்புளம் அந்த இடத்தை வெளிற வைக்கும், மேலே ஒரு எவர்சில்வர் தட்டை வைத்து அமுக்கலாம். அண்டா சிறியதாக இருந்தால் துணியைக் குறையுங்கள். திணித்தால் மடிப்பு விழுந்த இடமெல்லாம் கோடு கோடாக நிற்கும், அந்தக் கோட்டைப் பிறகு எடுக்கவே முடியாது.

ஆறிய பின் பிழிந்து, அலசாமல் நிழலில் காயவைத்து ஓரிரு நாள் விட்ட பிறகு அலசுங்கள். சட்டியில் மிஞ்சியது நல்ல நிறமாகத் தெரிந்தால், படிகாரம் ஏறிய இன்னொரு துணியை விடுங்கள், வெளிர் நிறம் இலவசமாக வரும்.

இரும்பு: கருப்பும் சாம்பலும்

கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் கருப்பு. கடையில் வாங்கும் அன்னபேதி (இரும்பு சல்பேட்) 10 கிராமை 12 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, கடுக்காய் ஏறிய துணியைப் பத்துப் பதினைந்து நிமிடம் புரட்டினால் சாம்பல். கருப்புக்கு அன்னபேதியைக் கூட்டாதீர்கள். இரும்பு மிஞ்சினால் பருத்தி இற்றுவிடும், இரண்டு வருடத்தில் மடிப்பிலேயே கிழியும். 20 கிராம்தான் உச்சம். அதற்கு மேல் ஆழம் வேண்டுமென்றால், துணியை நன்றாக அலசி, திரும்பக் கடுக்காயில் போட்டு, திரும்ப இரும்பில் போடுங்கள். அடுக்கடுக்காக ஏறும் கருப்பு தரமானது.

வெல்லக் கரைசல் பழைய முறை: ஒரு கிலோ துருப்பிடித்த இரும்புத் துண்டு, 300 கிராம் வெல்லம், ஐந்து லிட்டர் தண்ணீர், பிளாஸ்டிக் வாளியில் துணி போட்டுக் கட்டி 15 நாள். மூடியை இறுக்கிவிட்டால் வாயு அடைத்து வாளி வெடிக்கும். நுரை அடங்கி, கடுக்காய் ஏறிய துண்டுத் துணியில் ஒரு சொட்டு விட்டதும் கருத்தால் பக்குவம். அன்னபேதியை விட இது துணியைக் குறைவாகப் பாதிக்கும் என்று கலம்காரி வேலை செய்கிறவர்கள் இதையே விரும்புகிறார்கள். அளவு சீராக வருவதில்லை என்பது இதன் குறை. இரும்பு வேலைக்குத் தனி வாளி, தனி கையுறை. அதே கையோடு மஞ்சள் துணியைத் தொட்டால் விரல் அடையாளம் நிற்கும்.

கெடுவது எங்கே என்று கண்டுபிடிக்க

ஒழுங்கில்லாத வெளிர் திட்டு, ஓரம் கலைந்த வடிவில் இருந்தால் மெழுகோ கஞ்சியோ போகவில்லை. அந்த இடத்தில் தண்ணீர்ச் சொட்டு விட்டுப் பாருங்கள், நிற்கும். கூர்மையான கோடாக இருந்தால் மடிப்பு, புரட்டாதது. கீழ் ஓரம் மட்டும் கருமை என்றால் கடுக்காயைக் கொடியில் காயவைத்தது. சிறு கரும்புள்ளிகள் இரும்பு, செம்புள்ளிகள் வடியாத பொடி. மொத்த நிறமும் மங்கல், தண்ணீரிலோ பாத்திரத்திலோ இரும்பு.

அலசும்போது சாயம் விட்டுக்கொண்டே இருந்தால் இரண்டு காரணம்: படிகாரம் போதவில்லை, அல்லது துணி பிடிக்கும் அளவை மீறிச் சாயம் போட்டது. இரண்டாவது என்றால் நான்கைந்து அலசலில் நின்றுவிடும். முதலாவது என்றால் நிற்காது. அந்தத் துணியை உலர்த்தி, முதல் அளவில் பாதிப் படிகாரமும் பாதிச் சோடாவும் கரைத்த தண்ணீரில் இரவு விட்டு, அலசித் திரும்பச் சாயத்தில் விடுங்கள். முன்பிருந்த நிறத்தில் கொஞ்சம் படிகாரத் தண்ணீரில் கரைந்து போகும், மிச்சம் கெட்டிப்படும்.

ஒவ்வொரு சட்டியிலும் ஒரு சாண் துண்டுத் துணியைக் கூடவே போடுங்கள். காய்ந்ததும் அதை நீளவாக்கில் அட்டையால் பாதி மூடி, மொட்டைமாடி வெயிலில் இரண்டு வாரம் வையுங்கள். அட்டையை எடுத்ததும் நடுவில் கோடு தெரிகிறதா என்பதுதான் வெயில் சோதனை. இன்னொரு துண்டை வெள்ளைத் துணியோடு சேர்த்துத் தைத்து, வீட்டில் வழக்கமாகத் துவைக்கும் சோப்பில் மூன்று முறை துவையுங்கள். வெள்ளையில் ஏறினால் அந்தத் துணி இன்னும் விற்பனைக்குத் தயாரில்லை. துண்டின் ஓரத்தில் பொருள், எடை, தண்ணீர், சூடு, தேதி எழுதிய அட்டையைத் தைத்து வைத்தால், அடுத்த மாதம் அதே நிறத்துக்கு அதைப் பார்த்தே கலக்கலாம்.

வாங்குகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று. பூந்திக்கொட்டை அல்லது காரமில்லாத சோப்பு, நிழலில் காயவைத்தல். இரும்புக் கருப்பில் எலுமிச்சையோ புளியோ சிந்தினால் அந்த இடம் வெளுத்துவிடும், உடனே தண்ணீர் விட வேண்டும்.

சக்கை உரக்குழிக்குப் போகலாம். இரும்புத் தண்ணீரையும் படிகாரத் தண்ணீரையும் கிணற்றுப் பக்கம் விடாதீர்கள். மிஞ்சிய மஞ்சள் சாயத் தண்ணீரில் லிட்டருக்கு 10 கிராம் படிகாரம் கரைத்து, 5 கிராம் சோடா ஆஷைக் கரைசலாக மெல்ல ஊற்றினால் நுரைத்துப் பொங்கி நிறம் திரிந்து அடியில் படியும். மேல் தண்ணீரை இறுத்து, இரண்டு முறை அலசி, வடிகட்டிக் காயவைத்தால் ஒரு கைப்பிடி மஞ்சள் வண்ணப்பொடி. பிசினில் குழைத்தால் தாளில் தீட்டலாம்.